எட்டு போர்ட் சீரியல் கார்டு: கார்டுக்கு நல்ல மார்க், கூட வந்த சிடிக்குப் பூஜ்யம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்டை வாங்கலாம், பெட்டிக்குள் இருக்கும் சிடியை நம்பாதீர்கள். நான் சொல்வது, மீட்டர் மாதிரிச் சாதனங்களைப் பிசியோடு இணைக்க எட்டு சீரியல் போர்ட் உள்ள ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. தைவான் தயாரிப்பு, ஆர்எஸ்-232, 422, 485 என்ற சீரியல் இணைப்பு முறைகளில் எது வேண்டுமானாலும் போடலாம், நடுவில் உட்கார்ந்திருப்பது எக்ஸார் கம்பெனியின் எக்ஸ்ஆர்17வி358 சிப். பிராண்டின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சிப்பை வைத்துப் பல பேர் கார்டு போடுகிறார்கள், கீழே நான் எழுதியிருப்பதில் பெரும்பகுதி சிப்பையும், அதை ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரான டிரைவரையும் பற்றியது, மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பற்றியது அல்ல. எக்ஸாரை 2017-ல் மேக்ஸ்லீனியர் வாங்கிவிட்டது, அதனால் சிப்பின் டேட்டாஷீட் தேடுகிறவர்கள் அந்தப் பெயரில் தேடுங்கள்.

இதைப் போட்டது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்ட் பெஞ்சில். சப்மெர்சிபிள் பம்பை ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தரவிதிப்படி ஓட்டிப் பார்த்து ஃப்ளோ, ஹெட், கரண்ட், பவர் எல்லாம் பதிவாகி ரிப்போர்ட் வர வேண்டும். மீட்டர்கள் ஆர்எஸ்-485-ல் மாட்பஸ் என்ற தொழிற்சாலைத் தகவல் முறையில் பேசுகின்றன, எடை மெஷின் மாதிரி ஒன்றிரண்டு சாமான்கள் ஆர்எஸ்-232. ரிப்போர்ட் எடுக்கும் சாஃப்ட்வேர் விபி6-ல் (பழைய விஷுவல் பேசிக்) எழுதியது, எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. சிரிக்காதீர்கள், இந்த ஊரில் இப்படி ஓடும் பெஞ்சுகள் நிறைய. பழைய பிசியில் பழைய பிசிஐ கார்டு, விண்டோஸ் எக்ஸ்பி என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது, மதர்போர்டு ஒருநாள் போய்விட்டது. புது மதர்போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட் கிடையாது. அதோடு விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டதால், ஐடி டிபார்ட்மெண்ட் ‘நெட்வொர்க்கில் இருக்கிற எந்த பிசியும் விண்டோஸ் 11 தான்’ என்று பிடிவாதம் பிடித்தது.

யுஎஸ்பி கன்வெர்ட்டர் நான்கைந்து வாங்கிச் சொருகினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு மேஜையில் போதும். பெஞ்சில் போதாது. எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டரில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று இருக்கிறது, வரும்போதே 16 மில்லிசெகண்டில் இருக்கும். அதாவது மீட்டர் சின்னதாக ஒரு பதிலை அனுப்பிவிட்டாலும், அது பிசிக்குள் வந்து சேர அத்தனை நேரம் காத்திருக்கலாம். மாட்பஸ் ஆர்டியூவில் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு செய்தி, முடிந்தது என்பதற்கு அடையாளமே மூன்றரை எழுத்து அளவு மௌனம்தான், 9600 பாட் வேகத்தில் அது சுமார் 4 மில்லிசெகண்ட். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் புரியும். டைமரை 1-க்குக் குறைக்கலாம், செட்டிங்ஸில் இருக்கிறது, ஆனால் கன்வெர்ட்டரை மாற்றும்போதெல்லாம் அதை யார் ஞாபகம் வைத்து மாற்றுவது? பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் யுஎஸ்பி தானாகக் கழன்று மறுபடி வேறு காம் நம்பரில் (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண்) வந்து நிற்கும் கூத்து வேறு. அப்புறம் போலி சிப் பயம். 2014-ல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் போலி சிப்புகளின் புராடக்ட் ஐடியைப் பூஜ்யமாக்கி அவற்றை மூடியதும், பிஎல்2303 என்ற இன்னொரு கன்வெர்ட்டர் வகையின் பழைய சிப்புகளுக்குப் புது டிரைவர் போட்டால் டிவைஸ் மேனேஜரிலேயே ‘இது 2012-லேயே நிறுத்தப்பட்டது, சப்ளையரைக் கேளுங்கள்’ என்று எழுதி வருவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, கார்டுக்கு வருவோம்.

ஹார்டுவேரில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் போவதற்கு 256 பைட், வருவதற்கு 256 பைட் ஃபைஃபோ, அதாவது டேட்டா வரிசையில் காத்திருக்கும் இடம். பழைய 16550 சீரியல் சிப்பில் இது வெறும் 16. 1,15,200 பாட் வேகத்தில் 16 பைட் நிரம்ப ஒன்றரை மில்லிசெகண்ட்கூட ஆகாது, 256 நிரம்ப 22 ஆகும். விண்டோஸ் நடுவில் வேறு ஏதோ வேலையில் மூழ்கிவிட்டாலும் டேட்டா கொட்டிப்போகாமல் இருப்பது இந்த வித்தியாசத்தால்தான். எட்டு போர்ட்டும் 62 பின் கனெக்டர் ஒன்றில் வந்து, அங்கிருந்து எட்டுக் கிளையாகப் பிரியும் தடிமனான கேபிளில் டிபி9 ஆக முடிகின்றன. கேபிள் கனம், பிராக்கெட் ஸ்க்ரூவை நன்றாக இறுக்காவிட்டால் கார்டையே இழுத்துச் சாய்த்துவிடும். ஐசொலேஷன், அதாவது லைனையும் பிசியையும் மின்சார ரீதியாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு, இல்லை. பம்ப் பெஞ்சு மாதிரி விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஸ்டார்ட்டரும் சுற்றிலும் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை, நான் 485 லைன்களில் தனியாக ஐசொலேட்டர் போட்டேன். ஐசொலேஷன் உள்ள மாடலும் அவர்களிடம் இருக்கிறது, ஆனால் விலையைக் கேட்டதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது: 232-ஆ 485-ஆ என்பதை போர்டிலேயே டிஐபி சுவிட்சில் வைக்கலாம், 120 ஓம் டெர்மினேஷனுக்கும் ஜம்பர் உண்டு. இப்போது வரும் பல கார்டுகளில் இதை டிரைவரின் செட்டிங்ஸ் பக்கத்தில்தான் மாற்ற முடியும், பார்ப்பதற்கு அது நாகரிகமாக இருக்கும். ஆனால் அந்த டிரைவர் வேறு விண்டோஸில் ஏறவில்லை என்றால், அல்லது லினக்ஸில் அந்தப் பக்கமே இல்லை என்றால், போர்ட் 232-லேயே மாட்டிக்கொண்டு நிற்கும். சுவிட்சுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் தேவையில்லை.

இனி டிரைவர். கார்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் ‘எக்ஸ்பி முதல் விண்டோஸ் 11 வரை, லினக்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். சிடியில் ஒவ்வொரு விண்டோஸுக்கும் ஒரு ஃபோல்டர். ‘வின்10’ ஃபோல்டரிலிருந்து போட்டேன், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோடு 52. டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று அர்த்தம்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் டீலர்களில் இதைச் சரியாகச் சொல்கிறவர்களை நான் பார்த்ததில்லை. 64 பிட் விண்டோஸில் கர்னல் (சிஸ்டத்தின் உட்கரு) டிரைவருக்குக் கையெழுத்து கட்டாயம் என்பது விஸ்டா காலத்திலிருந்தே உள்ளது. அப்போது கம்பெனி தன் சொந்த சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், அது மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட வரிசையில் வந்தால் சரி. விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து இது மாறியது: புது டிரைவர் என்றால் மைக்ரோசாஃப்டிடம் கொடுத்து அவர்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. பழைய விண்டோஸிலிருந்து அப்கிரேடு ஆன பிசி, பயாஸில் செக்யூர் பூட் (பிசி துவங்கும்போது கையெழுத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) அணைத்திருக்கும் பிசி, அல்லது 2015 ஜூலை 29-க்கு முன்பு வாங்கிய சர்டிபிகேட்டில் கையெழுத்திட்ட டிரைவர். இதனால் வரும் வேடிக்கை என்னவென்றால், 2013-ல் ஒழுங்காகக் கையெழுத்திட்ட ஒரு பழைய டிரைவர் இன்றைய விண்டோஸ் 10-ல் சத்தமில்லாமல் ஏறிவிடும், 2018-ல் கம்பெனி புது சர்டிபிகேட்டில் தானே கையெழுத்திட்டு ‘லேட்டஸ்ட்’ என்று கொடுத்த டிரைவர் ஏறாது. சிடியில் இருந்தது அந்த இரண்டாவது ரகம்.

டீலரைக் கூப்பிட்டால், ‘செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க’ என்றார். செய்தால் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஐடி டிபார்ட்மெண்டின் பாலிசி அதைத் திரும்ப ஆன் பண்ணிவிடும், பண்ணும் நேரத்தில் பெஞ்சில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடியபோது சிடியில் இருப்பதைவிடப் புதிய பதிப்பு ஒன்று ஒரு மூலையில் கிடந்தது. அதன் கேட் ஃபைலை (டிரைவரின் கையெழுத்து இருக்கும் .cat ஃபைல்) ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பக்கத்தைப் பார்த்தால் ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி பப்ளிஷர்’ என்று இருந்தது. இந்த ஒரு வரிதான் நீங்கள் பார்க்க வேண்டியது. வாங்குவதற்கு முன்பே டிரைவரை டவுன்லோடு செய்து இதைப் பார்க்கலாம், கார்டு கையில் இருக்க வேண்டியதில்லை. நல்ல டிரைவர் இருந்தும் ஏன் பழையதைச் சிடியில் போட்டு அனுப்புகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, பழைய சிடி கட்டு கட்டாகக் கிடக்கிறது போலும்.

புது டிரைவர் விண்டோஸ் 11-லும் ஏறியது, மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆக இருக்கும்போதே. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக நிறுவும் விண்டோஸ் 11-ல், தகுதியுள்ள ஹார்டுவேராக இருந்தால், இந்த வசதி தானாகவே ஆன் ஆகிவிடும். கர்னலுக்குள் எழுதவும் இயக்கவும் முடிகிற மெமரியை ஒரே நேரத்தில் கேட்கும் பழைய பாணி டிரைவர்களை இது உள்ளே விடாது. கையெழுத்து சுத்தமாக இருந்தாலும் விடாது. மேலே சொன்ன அந்த 2013 டிரைவர் விண்டோஸ் 10-ல் ஓடியது என்பதற்காக 11-லும் ஓடும் என்று நம்பிவிட முடியாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் ஒத்துவராத டிரைவர்களின் பட்டியலே இருக்கும், பழைய பிசியை 11-க்கு மாற்றுவதற்கு முன் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.

பக்கத்து பெஞ்சில் 64 பிட் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது, நெட்வொர்க் இல்லாமல் தனியாக. அங்கே தலைகீழ்ப் பிரச்சினை: புது டிரைவரின் கையெழுத்து எஸ்ஹெச்ஏ-2 என்ற புதிய முறையில் இருப்பதால், அப்டேட்டே பார்க்காத விண்டோஸ் 7-க்கு அது புரியவில்லை, மறுபடி அதே கோடு 52. சர்வீஸ் பேக் 1 இருக்கும் பிசியில் 2019-ல் வந்த கேபி4474419 அப்டேட்டைப் பென் டிரைவில் எடுத்துப் போய்ப் போட்டதும் சரியானது. எக்ஸ்பி 32 பிட்டுக்குச் சிடியில் உள்ள டிரைவர் ஏறுகிறது, அதற்கு மட்டும் சிடி உபயோகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விபி6 சாஃப்ட்வேர் பற்றிப் பலரும் பயப்படுவார்கள், அவ்வளவு பயம் வேண்டாம். 32 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடும், அதற்கென்று விண்டோஸுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. கர்னல் டிரைவர்தான் 64 பிட்டாகவே இருந்தாக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உண்மையான சிக்கல் காம் நம்பரில் வந்தது. விபி6-ல் சீரியல் போர்ட்டைத் திறக்கும் எம்எஸ்காம் கண்ட்ரோல் 16 வரைதான் காம் போர்ட் எடுக்கும். எங்கள் பிசியில் முன்பு யாரோ சொருகிக் கழற்றிய யுஎஸ்பி கன்வெர்ட்டர்கள் எல்லாம் நம்பரைப் பிடித்து வைத்திருந்ததால் கார்டின் போர்ட்டுகள் காம் 12-ல் ஆரம்பித்து 19 வரை போய்விட்டன. கடைசி மூன்றும் சாஃப்ட்வேரின் கண்ணுக்கே தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, செத்துப்போன போர்ட்டுகளை அன்இன்ஸ்டால் செய்து, கார்டை காம் 3-லிருந்து 10 வரைக்கும் இறக்கினேன். இந்த டிரைவரில் முதல் நம்பரைக் கொடுத்தால் மற்றதை வரிசையாக அதுவே போட்டுக்கொள்கிறது, நல்ல வசதி, எட்டு தடவை ஓகே அழுத்த வேண்டியதில்லை. காம் 10-க்கும் அதற்கு மேலும் உள்ளதை விண்டோஸில் வேறு மாதிரி எழுதித் திறக்க வேண்டும், பழைய சி புரோகிராம்கள் பல அதைச் செய்வதில்லை. அப்படி ஏதாவது வைத்திருந்தால் ஒற்றை இலக்கத்துக்குள் இருப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஸ் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கெட்ட செய்தி. பழைய காம் போர்ட்டுகளின் 3எஃப்8, 2எஃப்8 என்ற முகவரிகளில் நேராக எழுதும் புரோகிராமுக்கு இந்தக் கார்டு உதவாது, இதன் ரிஜிஸ்டர்கள் மெமரி முகவரியில் இருக்கின்றன, பழைய ஐ/ஓ முகவரியில் அல்ல. எந்த டிரைவரும் இதை மாற்றாது. அதற்கு மதர்போர்டிலேயே சீரியல் போர்ட் உள்ள இண்டஸ்ட்ரியல் பிசிதான் வழி.

லினக்ஸ் பக்கம் ஆச்சரியமாக இருந்தது. டெபியன் லினக்ஸ் பிசியில் சொருகினேன், எதுவும் போடாமலேயே கார்டு தெரிந்தது. 8250_எக்ஸார் என்ற டிரைவர் கர்னலோடவே வருகிறது, கார்டின் ஐடி 13ஏ8:0358 அதன் பட்டியலில் இருக்கிறது. எல்எஸ்பிசிஐ கமாண்டில் ஐடியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எட்டு போர்ட்டும் வரவில்லை, மீதிக்கு டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) எரர் மைனஸ் 28. கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டாம்: கர்னல் தயாரிக்கும்போதே எத்தனை 8250 போர்ட் என்று ஒரு எல்லை வைத்துவிடுகிறார்கள், சில டிஸ்ட்ரிபியூஷன்களில் அது 4 மட்டுமே. லினக்ஸைத் துவக்கும் கிரப்பின் செட்டிங்கில் 8250.என்ஆர்_யுஆர்ட்ஸ்=16 (8250.nr_uarts=16) என்று சேர்த்து ரீபூட் செய்ததும் எட்டும் வந்துவிட்டன.

சிடியில் உள்ள லினக்ஸ் சோர்ஸைப் பற்றிக் கேட்காதீர்கள். பழைய கர்னலுக்கு எழுதியது, இப்போது கம்பைல் ஆகாது. லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கும் இன்டர்ஃபேஸ் நிலையாக இருக்கும் என்று கர்னல்காரர்கள் வாக்குக் கொடுப்பதே இல்லை, இந்த மாதிரி டிரைவர்கள் நம்பியிருக்கும் அலாக்_டிடிஒய்_டிரைவர் ஃபங்ஷனே 5.15 கர்னலில் எடுக்கப்பட்டுவிட்டது. கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரை மாற்றுகிறவர்களே சேர்த்துத் திருத்திக்கொண்டு போவார்கள், வெளியே டார் ஃபைலில் கிடப்பதைத் திருத்த ஆள் கிடையாது. அதனால் லினக்ஸுக்குக் கார்டு வாங்கும்போது ‘லினக்ஸ் சப்போர்ட்டட்’ என்ற வார்த்தைக்கு மதிப்பே இல்லை, கர்னலில் டிரைவர் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. போர்ட்டின் முறையை மாற்றும் எம்பிஐஓ என்ற சிப்பின் பல்நோக்குப் பின்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி இணைப்பதால், சாஃப்ட்வேரில் 485 மாற்றும் கார்டாக இருந்தால் கர்னல் டிரைவருக்கு அந்தக் கார்டைத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கார்டில் டிஐபி சுவிட்ச் என்பதால் தப்பித்தோம், டிராஃபிக் திசையை மாற்றுவதையும் போர்டே பார்த்துக்கொள்கிறது.

இதைவிட மலிவாக, டபிள்யூசிஹெச் கம்பெனியின் சிஹெச்384 சிப் போட்ட நான்கு போர்ட் கார்டுகள் கிடைக்கின்றன. ஆபீஸில் ஒரு பார்கோடு ரீடர், ஒரு பிரிண்டர் என்றால் அது போதும், டெஸ்ட் பெஞ்சுக்கு நான் வாங்க மாட்டேன். பழைய பிசிஐ கார்டைத் தூக்கிப் போட மனமில்லாமல் பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐக்கு மாற்றும் பிரிட்ஜ் அடாப்டர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அவற்றில் அடிக்கடி வரும் ஏஎஸ்எம்1083 சிப் லினக்ஸில் இன்டரப்ட் தகராறுக்குப் பேர் போனது. பழைய கார்டுக்கு 64 பிட் டிரைவர் இல்லை என்றால் அடாப்டர் போட்டும் பயனில்லை.

சீரியலாவது பரவாயில்லை, கார்டு மாறினாலும் காம் போர்ட் காம் போர்ட்தான், மேலே இருக்கும் சாஃப்ட்வேருக்கு வித்தியாசம் தெரியாது. அனலாக் இன்புட் எடுக்கும் டேட்டா அக்விசிஷன் கார்டுகளில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி டிஎல்எல், தனி எஸ்டிகே, கம்பெனி 64 பிட் டிரைவர் எழுதவில்லை என்றால் சாஃப்ட்வேரையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். லினக்ஸில் காமெடி (Comedi) என்ற டிரைவர் தொகுப்பு கர்னலிலேயே இருக்கிறது, அட்வான்டெக்கின் பிசிஐ-1710 மாதிரிப் பழைய கார்டுகள் அதில் ஓடும், ஆனால் விபி6 மனிதர்களை லினக்ஸுக்குக் கூட்டிப்போவது தனி யுத்தம்.

புது பிசியே வாங்கப்போகிறீர்கள் என்றால் விண்டோஸையும் யோசித்து வாங்குங்கள். நீண்டகால சப்போர்ட் உள்ள பதிப்பான விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி வரை செக்யூரிட்டி அப்டேட் உண்டு. ஐஓடி என்ற வார்த்தை இல்லாத வெறும் எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரியோடு முடிந்துவிடும், பெயரில் இவ்வளவு சின்ன வித்தியாசம், காலத்தில் ஐந்து வருஷம். டீலர் கொட்டேஷனில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவார், ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். எங்கள் ஐடி டிபார்ட்மெண்டுக்கு இதைக் காட்டியதும் ‘எல்லாமே 11’ என்ற பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்தது, அடுத்த பெஞ்சுக்கு எல்டிஎஸ்சி வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

டீலர் சேவை பற்றி: கார்டைச் சொன்ன நாளில் கொண்டுவந்தார், பில் சரியாக இருந்தது, அவ்வளவுதான். டிரைவரின் கையெழுத்துப் பற்றிக் கேட்ட மெயிலுக்கு ‘ஆல் விண்டோஸ் சப்போர்ட் சார்’ என்று ஒரே வரியில் பதில். தயாரிப்பாளரின் சப்போர்ட் மெயில் பரவாயில்லை, ஹார்டுவேர் ஐடியும் விண்டோஸ் பில்டு நம்பரும் எழுதிக் கேட்டால் உருப்படியாகப் பதில் சொன்னார்கள், சிடி பற்றிய கேள்வியை மட்டும் தொடவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். சிடிக்காக முழுதாக ஒன்று குறைத்தேன், ஐசொலேஷன் இல்லாததற்குக் குறைக்கவில்லை, அது விலையிலேயே தெரிந்த விஷயம். பெஞ்சு இப்போது விண்டோஸ் 11-ல் ஓடுகிறது, தூங்கும் வசதியை மட்டும் பவர் செட்டிங்ஸில் முழுதாக அணைத்து வைத்திருக்கிறேன், தூங்கி எழுந்த பிறகு இரண்டு போர்ட் பதில் சொல்லாமல் நின்றது. சரியான டிரைவரை செர்வரில் ஒன்று, கேபினெட்டுக்குள் பென் டிரைவில் ஒன்று என்று வைத்தாயிற்று. எட்டுக் கிளைக் கேபிள் தனியாகக் கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கிறேன், கிடைக்கும், ஆனால் கார்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள், எனவே வாங்குபவர்கள் கேபிளை எலி கடிக்காத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.